ஆடாத மேசை

உங்கள் மேசை ஆடுகிறது, சார். இடது பக்கத்துப் பின் கால்தான். அடியில் காகிதத்தை மடித்து வைத்திருக்கிறீர்கள், அது ஒரு வாரம்கூடத் தாங்காது. எழுதும்போது கையெழுத்து கோணினால் என்னைக் குறை சொல்லாதீர்கள்.

மேசையில்தான் எல்லாமே ஆரம்பித்தது. அதைச் சொல்லாமல் அண்ணனைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கு விளங்காது.

வீட்டிலேயே மரவேலை செய்பவனுக்கு முதலில் வேண்டியது ஒரு தச்சுமேசை. இழைப்புளியைத் தள்ளும்போது மேசையும் கூடவே நகர்ந்தால் நீங்கள் மரம் இழைக்கவில்லை, தள்ளுவண்டி ஓட்டுகிறீர்கள். நான் மூன்று மேசை செய்து தோற்றவன். முதலாவது பிளைவுட். அதைப் பற்றிப் பேச வேண்டாம். இரண்டாவது திருகாணி போட்டு முடுக்கியது. தினமும் காலையில் முடுக்கினால் மாலைவரை நிற்கும். மூன்றாவதுக்கு மரக்கடைக்காரர் பேச்சைக் கேட்டு ஈரம் காயாத மரம் வாங்கினேன். பச்சை மரம் காயக் காயச் சுருங்கும். சுத்தியலால் அடித்து இறக்கிய இணைப்பு, கொஞ்ச நாளில் கையால் இழுத்தாலே வந்துவிடும். அந்தப் பாடத்தை நான் மறக்கவில்லை.

நான் கீழே, அண்ணன் மாடியில். அண்ணி இறந்த பிறகு தனியாக இருந்தார். கட்டட சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்றவர். ஆனால் சூப்பர்வைஸ் செய்வதிலிருந்து ஓய்வு பெறவில்லை. என் மேசை ஒவ்வொன்றுக்கும் அவர்தான் திறப்பு விழா. விளிம்புவரை டீ நிறைந்த கிளாஸை நடுவில் வைத்து, "எங்க, இப்ப இழை பாப்போம்" என்பார். இழைப்பேன். டீ சிந்தும்.

"இது பெஞ்சு இல்லடா, தொட்டில். உனக்குப் பிள்ளை பொறந்தா போட்டு ஆட்டலாம்."

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அது அவருக்கும் தெரியும்.

நான்காவது மேசைக்குக் கால் தேடினேன். கனமாக இருக்க வேண்டும், வெடிப்பு கூடாது, முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட மரம் என் தலைக்கு மேலேயே நின்றிருந்தது. அண்ணனுடைய மர பால்கனியைத் தாங்கும் இரண்டு தேக்குத் தூண்கள். ஐந்தங்குலச் சதுரம். நாற்பது வருடம் காய்ந்தவை. அவற்றுக்கு நடுவில் நின்றுதான் நான் தினமும் வேலை செய்தேன்.

அண்ணன் தன் மகள் வீட்டுக்கு ஒரு வாரம் போனார். கார் ஜாக்கிகளால் முட்டுக் கொடுத்துத் தூண்களை எடுத்தேன். பதிலுக்குப் பச்சை மரத்தில் இரண்டு. கொஞ்சம் குட்டையாக இருந்ததால் உச்சியில் அதே மரத்தில் ஆப்பு அடித்து இறுக்கி, பழைய பழுப்பு வண்ணத்தையே பூசினேன்.

"தூணை என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி.

"கரையான்."

"நம்ம வீட்ல ஏது கரையான்?"

"இனிமே வராது" என்றேன்.

ஈர மரத்தில் தேதியும் எடையும் பென்சிலால் குறித்து வைப்பது மரவேலைக்காரர்கள் பழக்கம். ஆப்புகளிலும் குறித்தேன். உங்கள் கான்ஸ்டபிள்கள் எடுத்து வந்திருப்பது அந்த ஆப்புகளைத்தான். அதே அளவில் ஒன்றைக் கூடுதலாக வெட்டி, சமையலறைத் தராசில் தினமும் எடை பார்த்தேன். எடை குறைவது என்றைக்கு நிற்கிறதோ அன்றைக்கு மரம் காய்ந்துவிட்டது என்று கணக்கு.

எல்லாம் தற்காலிக ஏற்பாடுதான், சார். காய்ந்த தூண்கள் இரண்டு வாங்கியும் வைத்துவிட்டேன்; மேசைக் காலுக்கு மெலிசு, பால்கனிக்குப் போதும். மரக்கடையில் விசாரிக்கலாம். அண்ணன் வந்து மேசையைப் பார்த்து, "பரவால்லடா" என்று ஒரு வார்த்தை சொன்னால் அன்றே மாற்றிவிடுவதாக இருந்தேன்.

வந்தார். கிளாஸை வைத்தார். இழைத்தேன். டீ அசையவில்லை. கையால் ஆட்டினார், இடுப்பால் இடித்தார், குனிந்து கால்களைப் பார்த்தார். பிறகு டீயை எடுத்துக் குடித்தார்.

"உயரம் கொஞ்சம் கம்மியோ?" என்று கேட்டுவிட்டு மாடி ஏறினார்.

உயரம் சரி, சார். நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ அதுதான் உயரம். அளந்து செய்தது.

மறுநாள் காய்ந்த தூண்களை அறுத்து, உளி மாட்டும் பலகைகள் செய்தேன். நல்ல மரம், சும்மா கிடக்க விட மனசு வரவில்லை.

தூண் மாற்றிய இருபத்திரண்டாம் நாள் காலை ஆறரைக்கு ஓர் ஆப்பு தரையில் கிடந்தது. எடை போட்டேன். நான் தனியே வைத்திருந்ததும் அதுவும் கிராம் பிசகாமல் ஒன்றாக இருந்தன. அந்த பால்கனி ஆள் ஏறாதவரை தானாக நிற்கும். ஏழு மணிக்கு அண்ணன் நாற்காலியும் பேப்பருமாகப் பால்கனிக்கு வந்தார்.

"என்னடா, பெஞ்சை உள்ள இழுத்துட்ட?"

"மழை வர்ற மாதிரி இருக்குண்ணே."

அண்ணன் வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம் இல்லை. "உனக்கு மரமும் தெரியாது, மழையும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்.

அது விபத்து, சார். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. மேசையை உள்ளே இழுத்ததையே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இழைத்து மெழுகு பூசிய பலகை, அண்ணன் தொண்ணூறு கிலோ. மேலே விழுந்தால் கீறல் விழாதா?