பெயறை எடுத்துவிடுங்கள்

— இல்ல சார், மூணு வாட்டி தட்டிப் பாத்துட்டேன். கீழ ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர்லயும் வரல, அடையார்ல நான் வேலை செய்ற எடத்துலயும் வரல. இன்டர்நெட்ல கரைமேடுன்னு அடிச்சா, அந்தப் பேர்ல ஒண்ணுமே இல்லன்றான். ஒண்ணுமே இல்லியாமே!

— செண்பகம், முதல்ல உக்காருங்கோ. ஃபேன் அடியில. மாடி ஏறி வந்தது மூச்சு வாங்கறது பாருங்கோ.

— வாங்கினா வாங்கட்டும். நீ சொல்லு அச்யுத் சார், உன் மெஷின் ரிப்பேரா? ரெண்டாயிரம் பொறந்தா கம்ப்யூட்டர் எல்லாம் நின்னுடும்னு பேப்பர்ல எழுதிக்கினே கீறான். அதுக்கு இன்னும் ஆறு மாசம் கீதே.

— ரிப்பேர் இல்லை.

— பின்ன?

— நான்தான் நிறுத்தினேன். நேத்து சாயங்காலம்.

— இன்னாது?

— பக்கம் அப்படியே இருக்கு. நீங்க ஏத்தின படம், பட்டியல், ஒண்ணும் அழியலை. பேரை மட்டும் எடுத்தேன். அதாவது, வீடு இருக்கு. வாசல்ல மாட்டின பலகையைக் கழட்டிட்டேன். தேடிண்டு வர்றவாளுக்கு வழி தெரியாது, அவ்வளவுதான்.

— வூடு கீதுன்ற. எங்க வூடு எங்க சார் கீது? ஆத்தங்கரையில புல்டோசர் வுட்டு பாதியை வாரிட்டான். மீதிக்கு நாள் குறிச்சுட்டான். அந்தப் பக்கத்துல மட்டும்தான் இருநூத்திப் பன்னெண்டு வூடும் முழுசா நிக்குது. ஆட்டோகூட நுழையாத சந்து, வாசல் வாசலா நின்னு நான் புடிச்ச போட்டோ. வேலு அண்ணன் வூடு, அமீனா பீ வூடு, எங்க வூடு. நெகட்டிவ் எல்லாம் எங்க வூட்டோட மண்ணுல போச்சு.

— தெரியும்.

— தெரிஞ்சா கழட்டின? அங்க நாப்பது குடிசைதான் இருந்துச்சுன்னு கோர்ட்டுல சர்க்கார் வக்கீல் சொல்றான். ஜட்ஜ் ஐயா இன்னா சொன்னாரு? மனுவுல போட்டுக்கிற நெட் அட்ரஸை திங்கக்கெழமை காலைல நானே பாக்குறேன்னாரு. அவரு தட்டும்போது ஒண்ணுமே இல்லன்னு வந்தா, நாப்பது பேருக்குத்தான் மாத்து வூடு. மீதிப் பேரு பெருங்குடி குப்பை மேட்டாண்ட போய் நிக்கணும். இன்னிக்கு வெள்ளிக்கெழமை சார்.

— கொஞ்சம் நான் சொல்றதைக் கேளுங்கோ.

— யாரு சொல்லிக் கழட்டின? அத்த சொல்லு மொதல்ல.

— நதியோர நகர் நலச் சங்கம்.

— அந்த ஃப்ளாட்டுக்காரங்களா? மார்ச்ல அவங்க பக்கத்தைத்தானே நீ எடுத்த?

— அவாதான். உங்க தம்பி சேரன் படத்தைப் போட்டு, ‘சைக்கிள் திருடன், கரைமேட்டு ஆட்களை வேலைக்கு வைக்காதீர்கள்’னு எழுதியிருந்தாளே. நீங்க இதே நாற்காலியில உக்காந்துண்டு அழுதேள். அன்னிக்கே எடுத்துட்டேன். இப்போ உங்களுதை எடுக்கச் சொல்றா.

— எங்களுதுல இன்னா தப்பு கீது?

— புல்டோசரைக் கூப்பிட்டதே அந்தச் சங்கம்தான்னு எழுதியிருக்கேள். அவா பேர் கெடறதாம். நர்சிங் ஹோம், புடவைக் கடை, பாட்டு ஸ்கூல்னு ஏழு பேர் அவா வெப்சைட்டுக்கு என்கிட்டதான் பேர் வாங்கியிருக்கா. ஏழு பேரும் அந்தச் சங்கம். இது அரசியல், இதுக்கெல்லாம் நீ இடம் குடுத்தா நாங்க வேற ஆளைப் பார்த்துக்கறோம்னுட்டா.

— போனா போட்டும்னு சொல்ல வாய் வரலியா உனக்கு?

— வந்திருக்கும். அந்த லெட்டர் வர்ற வரைக்கும் அப்படித்தான் நினைச்சுண்டிருந்தேன்.

— இன்னா லெட்டர்?

— படிக்கறேன். ‘ஐயா, எங்களைத் தெருவில் தலைகாட்ட விடாமல் செய்யும் இந்தப் பக்கத்துக்கு நீங்கள் வாசல் திறந்து வைப்பது நியாயமா? பெயர் விற்பவருக்கும் மனசாட்சி உண்டு என்று நம்பி வந்திருக்கிறோம். தயவுசெய்து அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள்.’

— சோக்காத்தான் எழுதிக்கிறான். படிச்சவன்ல.

— கையில வாங்கிப் பாருங்கோ. கடைசி வரி.

— ‘அந்தப் பெயறை’... இன்னா சார், பெரிய ற போட்டுக்கீது? இது... இது நான் போடுற தப்பாச்சே. டைப்பிங் இன்ஸ்டிட்யூட்ல விசாலாக்ஷி டீச்சர் இதுக்கோசரம் டெய்லி என் தலைல கொட்டுவாங்க.

— உங்க லெட்டர்தான். மார்ச் மாசம் நீங்க எனக்கு எழுதினது. ஏன் எடுத்தேன்னு சங்கத்துல கேட்டா. காரணம் சொல்லணுமேன்னு ஒரு காப்பி அனுப்பினேன். அதை அப்படியே திருப்பி டைப் அடிச்சு, கையெழுத்தை மட்டும் மாத்தி அனுப்பியிருக்கா. தப்பைத் திருத்தலை. வேணும்னே விட்டிருக்கா.

— கஸ்மாலம். என்னை வச்சே என்னை நக்கல் பண்றான்.

— நக்கல்தான். ஆனா, அவளுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமான்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது?

— அவங்க கையில புல்டோசர் கீது, எங்க கையில போட்டோ கீதுன்னு சொல்லு. அது பத்தாதா?

— அன்னிக்கு நான் அதைப் பார்த்து எடுக்கலை, செண்பகம். அவா எழுதினது பொய்னு எடுத்தேன். சைக்கிள் காணாமப்போன ராத்திரி உங்க அப்பாவுக்கு நெஞ்சு வலி, சேரன் அவரோட ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில இருந்தான்னு சீட்டு கொண்டுவந்து காட்டினேள். ஆஸ்பத்திரியில இருந்தவன் எப்படித் திருடுவான்? உடனே எடுத்துட்டேன். அவாளை ஒரு வார்த்தை கேக்கலை.

— அத்த வுடு சார்.

— எங்கப்பா தபால் ஆபீஸ்ல இருந்தார். கார்டுல என்ன எழுதியிருக்குன்னு கண்ணாலகூடப் பார்க்க மாட்டார். அட்ரஸையும் பார்க்காமத்தான் பிரிக்கறார், அதான் லெட்டர் எல்லாம் வேற ஊருக்குப் போறதுன்னு அம்மா கேலி பண்ணுவா. நானும் அவர் மாதிரி இருந்திருக்கணும். ஒரே ஒரு தடவை படிச்சுட்டேன். இப்போ எல்லாரும் என்னைப் படிக்கச் சொல்றா.

— இப்ப இன்னாதான் பண்ணணும்ன்ற?

— ரெண்டு பேரும் இல்லாம இருக்கணும். இல்லைன்னா ரெண்டு பேரையும் போடணும். நடுவுல உக்காந்து நான் பஞ்சாயத்து பண்றதா இல்லை.

— ரெண்டையும்னா... சேரன் மூஞ்சி மறுபடி வருமா?

— வரும்.

— போன வாரம்தான் சார் அவனுக்கு திருவான்மியூர்ல ஒரு ஸ்கூல்ல வாட்ச்மேன் வேலை கெடச்சுது. காக்கிச் சட்டை தெச்சுக் குடுத்துக்கிறாங்க. வூட்ல கண்ணாடி இல்ல. எவர்சில்வர் தட்டுல பாத்துக்கினு தானா சிரிக்கிறான்.

— அதனாலதான் நான் தனியா முடிவு பண்ணலை.

— கழட்டினது மட்டும் தனியாத்தானே முடிவு பண்ண?

— ஆமா.

— என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கினு கழட்டியிருக்கணும்.

— ஆமா.

— ஆமா ஆமான்னா ஆச்சா? எப்பப் போட்டா திங்கக்கெழமை தெரியும்?

— இப்போ போட்டாலே, பேர் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர ஞாயித்துக்கிழமை ஆயிடும்.

— அப்ப போடு.

— எதை?

— ரெண்டையும்தான். இருநூத்திப் பன்னெண்டு வாசல் சார் ஒரு பக்கம். இந்தப் பக்கம் ஒரே ஒரு மூஞ்சி.

— சேரனைக் கேக்க வேண்டாமா?

— நான் சொல்லிக்கிறேன். சண்டை போட மாட்டான். காக்கிச் சட்டையைக் கழட்டி மடிச்சு வச்சுடுவான். அதான் தாங்காது.

— செண்பகம், ஒண்ணு பண்றேன். அவா பக்கத்தைத் திருப்பி விடறச்சே, சேரன் படத்துக்கு அடியில ‘இது பொய்’னு ஒரு வரி போடச் சொல்லி எழுதறேன். போட்டாத்தான் விடுவேன்னு சொல்றேன்.

— பஞ்சாயத்து பண்ண மாட்டேன்னு இப்பத்தானே சொன்ன?

— இது ஒண்ணு மட்டும். என் மனசுக்காக.

— வேணாம் சார். அந்த வரி வேணாம்.

— ஏன் வேண்டாம்? சாட்சிதான் கையில இருக்கே. அன்னிக்கு ராத்திரி அவன் ஆஸ்பத்திரியிலன்னா இருந்தான்?

— இருந்தான். நடக்க முடியாத நைனாவை அங்க இன்னாத்துல உக்கார வச்சு இட்டுக்கினு போனான்னு நீ கேக்கவே இல்லியே சார்.