சின்னக் கிராணிக்குச் சொன்ன பச்சரிசி மருந்து

மாரியாத்தா மேல், செத்துப்போன என் தாய் தகப்பன் மேல், நான் உட்கார்ந்திருக்கும் இந்த மூன்று கால் நாற்காலி மேல் சத்தியம். சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

முகம் வெளுக்க வேண்டுமானால் கடைக் களிம்பு வாங்காதீர்கள். பச்சரிசி போதும். பானைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வருகிற அளவு புளித்த பிறகு அரைத்து, பாசிமணி போல உருட்டி, நல்ல வெயிலில் காயவையுங்கள். மலாய்க்காரப் பெண்கள் இதைப் பெடாக் என்று பூசுவார்கள். எரியாது, தோல் உரியாது. நான் இதை ஒருவனுக்குத்தான் சொல்லிக் கொடுத்தேன். அவன் செத்துப்போனான். அது அரிசியின் குற்றம் அல்ல.

மலாய் நாட்டில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் அது. லிங்கிப் பக்கத்து ரப்பர் தோட்டம். காட்டுக்குள் துப்பாக்கியோடு திரிந்த கலகக்காரர்களுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டு, கேட்டில் உடம்பைத் தடவிப் பார்த்துத்தான் பால் வெட்ட அனுப்பினார்கள். ஒரு பிடி அரிசி வேலியைத் தாண்டினால் ஜெயில். எங்களை வேலை வாங்கும் மண்டோரின் பல்லிடுக்கில் ஒரு பருக்கை இருந்ததற்காக, வாயை மூடவிடாமலே அவரைப் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் நடத்திப் போனார்கள்.

வீட்டில் நானும் என் தங்கை நீலாவதியும் மட்டும். அவள் எழுந்து ஆக்கி வைத்துவிட்டு, தன் நெரை மரங்களிலும் பால் வெட்டி, என் நெரையில் பாதியையும் வெட்டுவாள். எனக்கு இடுப்பு வலி. அவள் வைக்கும் கருவாட்டுக் குழம்பின் வாசம் மட்டும் காட்டுப் பக்கம் அடித்திருந்தால் அத்தனை பேரும் கையைத் தூக்கிக்கொண்டு வந்து சரணடைந்திருப்பார்கள். நிறந்தான் கறுப்பு. அவள் பால் வெட்டப் போகிற பக்கம் பொழுது விடியக் கொஞ்சம் தாமதமாகும். பாசத்தில்தான் அப்படிச் சொல்வேன்.

சின்னக் கிராணி அமிர்தலிங்கம் அவளைப் பெண் பார்க்க வந்தான். ஆபீசில் பேர் பதிகிறவன், எங்களுக்குத் தூரத்து முறை. அவனும் அடுப்புச் சட்டியின் அடிப்பக்க நிறந்தான். முறுக்கைத் தின்றான், காப்பியைக் குடித்தான். கேட் வரைக்கும் கூடப் போய் அனுப்பிவிட்டு வந்தேன்.

"என்னண்ணே சொன்னாரு?" என்றாள் நீலாவதி.

மறைப்பது என் சுபாவம் இல்லை. "'ராத்திரியில இவளத் தேட டார்ச்லைட் வேணும்லா, இந்தக் காலத்துல பேட்டரிக்கு எங்க போறது'ங்கிறான்மா."

நல்ல பேச்சு, ஒப்புக்கொள்கிறேன். அமிர்தலிங்கம் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு சுவையாகப் பேசி நான் கேட்டதில்லை.

நீலாவதி சிரிக்கவில்லை. "வெள்ளைக்காரி படம் போட்ட களிம்பு ஒண்ணு விக்கிதாம். வாங்கித் தாங்கண்ணே" என்றாள். சிரம்பானுக்கு நானே போய் வாங்கி வந்தேன். முகம் முதலில் வெளுத்தது. பிறகு சிவந்தது. பிறகு நனைந்த காகிதம் போல உரிந்தது. கன்னமும் நெற்றியும் திட்டுத் திட்டாக வெந்துபோக, முந்தானையால் முகத்தைப் பாதி மூடிக்கொண்டாள். அதன் பின் அவளைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை. இதற்குக் காரணமானவன் உயிரோடு இருக்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

நான் தேடிப் போகவில்லை. அவனே வந்தான்.

"மச்சான்," என்றான். முறை வேறு கொண்டாடுகிறான். "மொகம் வெளுக்கக் கைமருந்து ஏதாச்சும் இருக்கா? களிம்பு வேணாம். ஒங்க தங்கச்சிக்கு ஆனதக் கேட்டு மனசே ஆறல."

"ஒங்களுக்கு எதுக்கு கிராணி இதெல்லாம்?"

அவன் தரையைப் பார்த்தான். "ஒங்களுக்குத் தெரியாததா மச்சான்."

திமிரைப் பாருங்கள்.

பச்சரிசியைச் சொன்னேன். "லயத்துல காயப்போட்டா காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல நின்னு எல்லாரும் சிரிப்பாங்க. ஆத்தோரப் பாறையில போடுங்க. கிராணிய யாரு கேட்டுல தடவப்போறா?" என்றேன். அப்படியே செய்தான். வெளுத்தான். எப்படி வெளுத்தான் என்றால், ஒரு நாள் காலைப் பனியில் வந்தவனைப் பெரிய துரை என்று நினைத்து, காவல் நின்ற மாத்தா போலீஸ்காரன் விறைத்து நின்று சல்யூட் அடித்தான். துரையின் நாய் துரையை விட்டுவிட்டு இவன் பின்னால் போனது. நான் சத்தியம் செய்திருக்கிறேன், மறக்க வேண்டாம்.

பிறகு ஸ்டேஷனுக்குப் போனேன். "ஆத்தோரப் பாறையில யாரோ அரிசி வைக்கிறாங்க துவான்" என்றேன். அதில் என்ன பொய்? பாறையில் அரிசி இருந்தது. அவர்கள் புதருக்குள் காத்துக் கிடந்தார்கள். வேலை முடிந்து அமிர்தலிங்கம் துண்டை விரித்து மணிகளை அள்ளும்போது அதட்டினார்கள். அவன் பயந்துபோய் ரப்பர் மரங்களுக்குள் ஓடினான். அந்த நிழலில் அவனுடைய பழைய நிறம் அவனை மறைத்திருக்கும். ஓடுகிறவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். வெளுத்த முகம் குறி பார்க்க வசதியாக இருந்தது.

உடம்பை லயத்து வழியாகத்தான் தூக்கிப் போனார்கள். நீலாவதி வாசலுக்கு வந்தாள். முந்தானை நழுவியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"பாத்தியா, ஒன்னப் பழிச்சவன" என்றேன்.

"இவரு எதுக்குண்ணே வெளுத்தாரு?" என்று கேட்டாள்.

"திமிரு" என்றேன்.

அவள் உள்ளே போய் உலை வைத்தாள். போன தை மாதம் கண் மூடுகிற வரைக்கும் எனக்கு அவள்தான் ஆக்கிப் போட்டாள். நானும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை; தேவைப்படவில்லை. ஒரு தங்கையின் மானத்துக்காக இவ்வளவு தூரம் போன அண்ணன் அந்தத் தோட்டத்தில் வேறு யாராவது உண்டா, நீங்களே சொல்லுங்கள்.

பெண் பார்த்துவிட்டுப் போன அன்று அமிர்தலிங்கம் கேட்டருகே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது "பிடிச்சிருக்கு மச்சான்" என்பது மட்டுந்தான். கறுப்பனை என் தங்கைக்குப் பிடிக்கவில்லை என்று அவனிடம் சொன்னது நான்.