சிவப்பு முள்

அக்கா: ஸ்பேனரை விடுடா. ஏன் புடிச்சுக்கிட்டே நிக்கிற?

தம்பி: கண்ணாடி போடலியே நீ.

அக்கா: போட்டா வேர்த்து மங்கிடுது. ஒரு ஏசி கம்ப்ரஸரைக் கழட்ட இவ்வளவு அலங்காரமா?

தம்பி: விளையாடாதக்கா. போடு. கையுறையும்...

அக்கா: சரி, போட்டாச்சு. இப்ப விடு. நாலு மணிக்கு டாக்ஸிக்காரர் வந்து நிப்பாரு. ஏசி இல்லாம சவாரியே வரலன்னு காலையிலேயே மூக்கால அழுதாரு.

தம்பி: கேஸ் முழுசா இறங்கிடுச்சா?

அக்கா: மெஷின் உறிஞ்சி முடிச்சுத் தானா நின்னுச்சே, கேக்கல?

தம்பி: நின்னாலும் உள்ள மிச்சம் இருந்தா அழுத்தம் மறுபடி ஏறும்னு நீதானே... பத்து நிமிஷம் கழிச்சு மீட்டரைப் பாக்கணும்னு...

அக்கா: பாத்துட்டேன்.

தம்பி: எப்ப?

அக்கா: இப்பத்தான்! என்னடா, போலீஸ் விசாரணையா?

தம்பி: அதுக்கில்லக்கா. போன மாசம் நட்டைத் திருப்பின உடனே கேஸ் உன் மூஞ்சில அடிச்சுதே... இமையெல்லாம் வெள்ளையா உறைஞ்சு...

அக்கா: அதை இழுக்காத. ஓஸ் பைப் பழசு, பிச்சுக்கிச்சு. கண்ணுல லேசாப் பட்டுது. சரியாப் போச்சு.

தம்பி: நிஜமா சரியாப் போச்சா?

அக்கா: ஊசில நூல் கோத்துக் காட்டவா?

தம்பி: வேணாம். மீட்டரைப் படி. சத்தமா.

அக்கா: உன்னோட பெரிய தொல்லை. நீல முள் சைபர். சிவப்பு முள்ளும் சைபர். போதுமா? நகரு, நட்டைத் திருப்...

தம்பி: அக்கா! கையை எடு! எடுத்துடு!

அக்கா: ஏன்டா இப்படிக் கத்துற?

தம்பி: சிவப்பு முள் நூறுல நிக்குது.

அக்கா: நூறா? எங்கடா?

தம்பி: மீட்டர் ஒரு முழம் தள்ளித்தான் தொங்குது. உனக்குத் தெரியலையா?

அக்கா: ...சிவப்பா என்னமோ தெரியுது. முள் தெரியல.

தம்பி: எத்தனை நாளா?

அக்கா: அன்னையிலேர்ந்துதான். இடது கண் சுத்தமா இல்ல. வலது... புகைக்குள்ள பாக்குற மாதிரி. டாக்டர்கிட்ட போகப் பயம்டா. இனிமே அவ்வளவுதான்னு சொல்லிட்டா?

தம்பி: ஒரு மாசமா இந்தக் கண்ணை வச்சுக்கிட்டா...? பக்கத்துலயே நிக்கிறேன், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? முள்ளை நான் படிச்சுச் சொல்லியிருப்பேனே!

அக்கா: நீயா?

தம்பி: ஏன் அப்படிக் கேக்குற? என்னை நம்பலையா?

அக்கா: விடுடா. மெஷினைத் திரும்பப் போடு.

தம்பி: இல்லக்கா... அன்னிக்கு ஓஸ் மேல தப்பில்ல. இத்தனை நாளா சொல்ல வாய் வரல. மீட்டர்ல எவ்வளவுன்னு நீ கேட்டப்ப... நான் பாக்கவே இல்ல. பாக்காமலே சைபர்னு சொல்லிட்டேன்.

அக்கா: தெரியும்டா. போனைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே சொன்ன. நான் கடைசியாத் தெளிவாப் பாத்தது அந்தச் சிரிப்பைத்தான்.