எடை சொல்லும் போட்டி

டீச்சர்: பிடிங்க! ஐயோ, பிடிங்கன்னா!

டிரைவர்: பிடிச்சுக்கிட்டுதான் டீச்சர் இருந்தேன். அதுக்குத்தான் நிக்க மனசில்ல.

டீச்சர்: எங்க போகுது?

டிரைவர்: முதல் வளைவு தாண்டிடுச்சு. ஹாரன்கூட அடிக்காம போகுது பாருங்க. நான் அப்படிப் போனா திட்டுவீங்க.

டீச்சர்: சிரிப்பு வேறயா! அவ்வளவு பெரிய பூசணிக்காய்... எப்படிக் கைய விட்டீங்க?

டிரைவர்: நாளைக்கு நீங்க மலையிறங்க எத்தனை மணிக்குக் கிளம்பணும்னு கேட்டேன். “பூசணிக்காயைப் பாருங்க”ன்னீங்க. பார்த்தேன். படியைப் பார்க்கல.

மைக்: ஹலோ... ஹலோ... தலைமையாசிரியர் பேசுறேன். நம்ம பள்ளிக்கூடத்து வருஷச் சந்தையில அடுத்தது எடை சொல்லும் போட்டி! பூசணிக்காய் எத்தனை கிலோன்னு சரியாச் சொல்றவங்களுக்கு அந்தப் பூசணிக்காயே பரிசு. நம்ம டிரைவர் இதோ தூக்கிக்கிட்டு வந்துட்டே இருக்கார்!

டிரைவர்: பாவம் மனுஷன். “இதோ”ன்னு வாயை விட்டுட்டார்.

டீச்சர்: ஜீப்பை எடுங்க. துரத்திப் பிடிப்போம்.

டிரைவர்: ஜீப்பா... அது வந்து... சூடா இருக்கு.

டீச்சர்: காலையிலிருந்து இங்கேயேதானே நிக்குது?

டிரைவர்: அப்ப குளிர்ந்து போயிருக்கும். ரெண்டுல ஒண்ணு.

டீச்சர்: என்னமோ மறைக்கிறீங்க.

டிரைவர்: நானா? நீங்கதான் காலையிலிருந்து கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம சுத்தறீங்க. உங்க இரும்புப் பெட்டியை நீங்களே எப்படி ஜீப்புல ஏத்தினீங்கன்னு கேட்டேன். அதுக்கும் பதிலைக் காணோம்.

டீச்சர்: ஏத்தினேன். அவ்வளவுதான். இப்ப பூசணிக்காய்க்கு ஒரு வழி சொல்லுங்க.

டிரைவர்: வேற எதையாவது தராசுல வைக்க வேண்டியதுதான். ஹெச்.எம்மையே வெச்சிடலாமா? அவர் எடையை ஊரே ரொம்ப நாளா யோசிச்சுக்கிட்டிருக்கு.

டீச்சர்: விளையாடாதீங்க. கேக்குதா, பசங்க கத்துறது?

டிரைவர்: டீச்சர்! உங்க பெட்டி!

டீச்சர்: வேணாம்.

டிரைவர்: கையெட்டுற தூரத்துல இருக்கு. கனமாவும் இருக்கும்...

டீச்சர்: வேணாம்னு சொன்னேன்ல. உள்ள என் துணிமணி இருக்கு.

டிரைவர்: திறக்கவா போறோம்? தராசுலதானே...

டீச்சர்: உங்களால தூக்க முடியாது. இடுப்பு பிடிச்சுக்கும்.

டிரைவர்: இந்த மலைக்கு வந்த அத்தனை டீச்சருங்க பெட்டியையும் கீழே இறக்கினது இந்தத் தோள்தான். வரும்போது எல்லாரும் “பனி எவ்வளவு அழகா இருக்கு”ம்பாங்க. போகும்போது “பெட்டி பத்திரம்”பாங்க. அவ்வளவுதான் வித்தியாசம். நீங்களாவது...

டீச்சர்: நானாவது?

டிரைவர்: ஒண்ணுமில்ல. நகருங்க. உங்க பெட்டியை மேலே கொண்டு வந்த அன்னைக்குப் பிடிச்ச பிடிப்பு எனக்கு இன்னும் விடல. அவ்வளவும் புத்தகம். இன்னைக்குத் தம் கட்டித் தூக்கறேன் பாருங்க... ஒண்ணு... ரெண்டு... அம்மாடி!

டீச்சர்: ஐயையோ! அடிபட்டுச்சா?

டிரைவர்: பெட்டி மேல போச்சு, நான் கீழ வந்துட்டேன்... டீச்சர், இது காத்தாட்டம் இருக்கு.

டீச்சர்: கீழ வைங்க அதை.

டிரைவர்: உள்ள என்னமோ உருளுது.

டீச்சர்: பாச்சா உருண்டை.

டிரைவர்: துணிமணி?

டீச்சர்: அலமாரியில.

டிரைவர்: புத்தகம்?

டீச்சர்: அதுவும் அங்கதான்... முதல்ல எழுந்திருங்க. மண்ணெல்லாம் ஒட்டியிருக்கு.

மைக்: ஒரு சின்ன அறிவிப்பு. கீழ் வளைவு டீக்கடைக்காரர் போன் பண்றார். ஒரு பூசணிக்காய் தானா வந்து பெஞ்சுக்கடியில உக்காந்திருக்காம். முழுசா இருக்காம். டிரைவர் எங்கிருந்தாலும் உடனே... சரி, சரி. அவர் வர்றதுக்குள்ள, நம்ம டீச்சருக்குப் பிரியாவிடைப் பாட்டு! பசங்களா, டீச்சர் வந்ததும் ஆரம்பிக்கலாம்!

டீச்சர்: பூசணிக்காய் பிழைச்சுக்கிச்சு. இப்பவாவது ஜீப்பை எடுங்க.

டிரைவர்: எடுக்க முடியாது.

டீச்சர்: இன்னும் சூடா?

டிரைவர்: பேட்டரி வயர் என் சட்டைப்பையில இருக்கு. காலையிலேயே கழட்டிட்டேன்.

டீச்சர்: எதுக்கு?

டிரைவர்: நாளைக்கு வண்டி கிளம்பக் கூடாதுன்னு. கீழேயிருந்து மெக்கானிக் வர ரெண்டு நாளாவது ஆகும். அதுக்குள்ள உங்க மனசு மாறாதான்னு... சிரிக்காதீங்க. ஆயிரம் திருட்டு இருக்கு, நான் என் வண்டியிலேயே திருடியிருக்கேன்.

டீச்சர்: சிரிக்கல.

டிரைவர்: என் குட்டு வெளியே வந்தாச்சு. இப்ப பூசணிக்காயைப் பாருங்க, மண்ணைத் தட்டுங்கன்னு பேச்சை மாத்தாம சொல்லுங்க. போறீங்களா, இல்லையா?

டீச்சர்: போகல. மாற்றல் வந்த டவுன் பள்ளிக்கூடத்துக்கு வரலன்னு போன வாரமே சொல்லிட்டேன். பசங்க ஒரு மாசமா பிரியாவிடைப் பாட்டு பழகுறாங்க, வாழ்க்கையில முதல் தடவையா சுதி சேர்ந்திருக்கு... பாடி முடிக்கட்டும்னுதான் காலிப் பெட்டியோட நடிச்சுக்கிட்டிருக்கேன். நீங்க எதுக்கு அழறீங்க? அந்த வயரை மாட்டுங்க. நான் போய் அழணும், எனக்காகப் பாட்டு காத்துக்கிட்டிருக்கு.