அறுபதில் வரும் அதிர்வு

பழைய அம்பாசிடரில் அதிர்வைத் தேடும்போது அவசரப்படக் கூடாது, ஐயா. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். மாலை வகுப்பில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லித்தந்தார்கள்.

அப்துல் மஜீது பாயின் வண்டி அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் நடுங்கியது. நியூட்ரலில் விட்டாலும் நடுக்கம் நிற்கவில்லை. ஆகவே கோளாறு என்ஜினில் இல்லை. சக்கரங்களைச் சரிபார்த்தும் போகவில்லை. மிச்சம், பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட். அதன் முன் ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது என்றேன். கையால் அசைத்தபோது லேசாக ஆடியது. அது ஆடியதா, என் கை ஆடியதா என்று மறுபடியும் அசைத்தேன்.

மகள் நிலோஃபரின் நிக்காஹுக்கு அந்த வண்டியில்தான் போவது என்று பாய் இருந்தார். நான் சொன்னதும் சிரித்தார். “போன தடவை கியர்பாக்ஸுன்னீங்க தம்பி. பிரிச்சுப் பாத்தா புதுசாட்டம் இருந்துச்சு.”

ஒர்க்‌ஷாப் முதலாளி சிங்காரவேலுவும் விடவில்லை. “சாம்பார்ல உப்பு இருக்காடான்னு கேட்டா, நாளைக்குச் சொல்றேம்பான் பாய் இவன்.” இந்த முறையும் தவறினால் வேலைக்கு வர வேண்டாம் என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் சொன்ன முன் ஜாயிண்டைத் தொடாமல், ஷாஃப்டின் பின் ஜாயிண்டை மாற்றிக் கொடுக்கச் சொன்னார்.

மாற்றி ஓட்டினேன். அதிர்வு குறைந்ததுபோல் இருந்தது. குறைந்ததா என்று நிச்சயமாகத் தெரியவில்லை.

முன் ஜாயிண்டின் பேரிங் கப் வெளியே நழுவாமல் ஒரு சிறிய லாக் வளையம் பிடித்திருக்கும். ஜாயிண்ட் நன்றாக இருந்தால், வளையம் இல்லாமலும் கப் இறுக்கமாக நிற்கும். தேய்ந்திருந்தால் நிற்காது. வளையத்தைக் கழற்றினேன். வேறு எதையும் தொடவில்லை. நானே ஓட்டியிருக்கலாம்தான். ஆனால் நான் அதிர்வை எதிர்பார்த்துக்கொண்டே ஓட்டுவேன். அது சரியான சோதனை ஆகாது.

பாய் மகளோடு வண்டியை எடுத்துப்போக வந்தார். முன்சீட்டில் உட்கார்ந்த நிலோஃபர், “இனிமே ஆடாதுல்லண்ணே?” என்று கேட்டாள். ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்றேன். அது பொய் இல்லை.

திருவையாறு சாலையில் ஷாஃப்டின் முன்முனை கழன்று தரையில் குத்தியது. வண்டி கரையிலிருந்து காவிரிக்குள் புரண்டது. குறுவைக்குத் தண்ணீர் விட்டிருந்த சமயம். இருவர் உடலையும் மறுநாள்தான் எடுத்தார்கள்.

முதலாளிக்கு இதில் ஒன்றும் தெரியாது. நான்தான் செய்தேன். கொலை என்றே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வண்டியை வெளியே எடுத்ததும் அந்த முன் ஜாயிண்டை மட்டும் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். தேய்ந்திருந்தால், நான் பாயிடம் சொன்னது சரிதான்.