குளிசை தின்ற சோறு

— நான் திண்டிரிந்தா எனக்கு நினைவு இரிக்காதா, மங்கை?

— இந்த மருந்துக் குளிசை போட்டா மறதி வரும் எண்டு டொக்டர் சொன்னவர்தானே. அந்த மறதியோட இதுவும் போயிரிக்கும்.

— வாய் காயும் எண்டார். நித்திரை வரும் எண்டார். கை நடுங்கும் எண்டார். உறியில வெச்ச சோத்த ராவையில எழும்பித் திருடித் திண்ணும் எண்டு அவர் சொல்லல்ல.

— எல்லாத்தையும் சொன்னா ஆர் வாங்கிப் போடுவாங்க? பசி எடுக்கும் எண்டாரா இல்லையா?

— எண்டார்.

— மெய்தான், எடுத்திரிக்கு. நேத்தும் ஒரு சட்டிச் சோறும் கருவாட்டுக் கறியும் போன இடம் தெரியல்ல. அது பசியா, வெள்ளமா?

— ஊரே நிவாரண அரிசியக் கஞ்சியாக் காய்ச்சிக் குடிக்குது. நான் மட்டும் கொழுத்துக்கொண்டு போறன். சங்கக்கடை வாசல்ல கந்தப்போடி என்ட வயித்தப் பாத்திட்டு என்ன சொன்னான் தெரியுமா? இவன் எங்கயோ மூட்டை ஒளிச்சு வெச்சிரிக்கான் எண்டான்.

— நீங்க என்ன சொன்னிங்க?

— என்னத்தச் சொல்ற? நாக்கு காஞ்சு மேல ஒட்டிக் கிடந்த. கிணத்தடிக்குப் போய்த் தண்ணி குடிச்சு நாக்கப் புடுங்கி எடுத்துக்கொண்டு வாறன், ஆள் வீட்ட போயிட்டான்.

— நல்லதுதான். குளிசையால ஊர்ச்சண்டை ஒண்டு குறைஞ்சிரிக்கு.

— நீ பகிடி விடு. விடியக்காலையில போய்க் குந்தி முக்குறவனுக்குத்தான் தெரியும்.

— அந்தக் கதைய விடுங்க. மரத்துல இரிந்த பப்பாசிப் பழமெல்லாம் உங்களுக்குத்தான் வெட்டித் தந்தன். காகமெல்லாம் என்னப் பேசிக்கொண்டு போகுது.

— போன கிழமை டவுன் ஆசுபத்திரிக்குப் போகக்குள்ள ஆமிக் காவல் சென்றியில நடந்தத உனக்குச் சொன்னனா?

— இல்ல. அதையும் மறந்திரிப்பீங்க.

— பஸ்ஸால எல்லாரையும் இறக்கினாங்க. வயசு போனதுகள், புள்ளைத்தாச்சி எல்லாம் பயத்துல விறைச்சுப்போய் நிக்குதுகள். எனக்குக் கொட்டாவி வந்திட்டு.

— ஆமிக்காரனுக்கு முன்னாலயா?

— நேர முன்னால. அண்ணாக்குத் தெரியிற கொட்டாவி. பயமில்லையா எண்டு கேட்டான். குளிசையக் காட்டி, பதகளிப்புக்குப் போடுற மருந்து, இதப் போட்டா பயம் வராது எண்டன். வாங்கிப் பாத்தான். அங்கால இங்கால பாத்திட்டு, எனக்கும் ஒண்டு தாறியா எண்டு கேட்டான்.

— குடுத்தீங்களா?

— குடுக்காம? துவக்கு அவன்ட கையிலதானே.

— மெய்தான். சண்டை பிடிக்கிற ரெண்டு பகுதிக்கும் ஆளுக்கொண்டு குடுத்தா, பொழுதுபட எல்லாரும் படுத்திருவாங்க. நாங்களும் படுக்கலாம்.

— பகிடி போதும். இண்டையோட விடுறன். மிச்சக் குளிசை முழுக்க ஆத்துல எறியப் போறன்.

— எறியுங்க. மீன் எல்லாம் நித்திரை கொள்ளும். வலை வீச உங்களுக்கு லேசா இரிக்கும்.

— மெய்யாத்தான் சொல்றன்.

— நானும் மெய்யாத்தான் சொல்றன். குளிசைய விடக்கூடாது.

— இது என்ன விளையாட்டு? பகல் முழுக்க நீதான் குளிசையப் பழிக்கிறாய். பொழுதுபட்டா நீதான் தண்ணிச் செம்போட வந்து நிக்கிறாய். நான் விழுங்கினதப் பாத்திட்டுத்தான் அங்கால போறாய்.

— போடாத காலத்த மறந்திட்டீங்க. நம்மட மூர்த்தி இயக்கத்துக்கெண்டு வீட்டவிட்டுப் போன நாள்ல இரிந்து நீங்க ஒரு ராத்திரி கண் மூடினீங்களா? நாய் குலைச்சாலே வேலிக்கு ஓடுவீங்க. மூர்த்தி, மூர்த்தி எண்டு குளறுவீங்க. அண்டைக்கு அந்தச் சத்தத்துக்குச் சென்றியில இரிந்து சுட்ட வெடி மாமரத்துக்குள்ள இன்னமும் கிடக்கு. அது உங்கட நெஞ்சுக்கு வந்த வெடி.

— ஒத்த மகன், மங்கை. குளறாம என்ன செய்யச் சொல்றாய்?

— அதுக்குத்தான் குளிசை.

— இப்ப அவன நினைச்சாலும் அழுகை வருதில்ல. அதுதான் எனக்குப் பெரிய பயம். கண்ணும் வாயப்போலக் காஞ்சிட்டு. பெத்த புள்ளைய நினைச்சு அழ ஏலாதவன் சோத்தத் திண்டு என்ன, திண்ணாம என்ன?

— அழுகை வராட்டிக் கிடக்கட்டும். குறட்டை வருதே. இந்த வளவுக்கு அது போதும்.

— சரி. ஒண்டு கேக்கிறன், பதில் சொல்லு. இந்தக் கையப் பாரு.

— நடுங்குது. நேத்தும் நடுங்கின.

— இந்தக் கையால வலையில விழுந்த சிக்கொண்ட எடுக்க ஏலாமக் கிடக்கு. நித்திரையில எழும்பி, இருட்டுக்குள்ள, நீ இறுக்கிக் கட்டின உறி முடிச்ச நான் எப்படி அவிழ்த்தன்?

— பசி வந்தா...

— பொறு. தண்ணி இல்லாம ஒரு பிடி சோறு என்ட தொண்டையால இறங்காது. விடியப் பாத்தா செம்புத் தண்ணி வெச்சபடி கிடக்கு. அப்ப தண்ணி குடிக்காம ஒரு சட்டிச் சோத்த நான் எப்படி விழுங்கினன்?

— கிணத்துல குடிச்சிரிப்பீங்க.

— சரி, குடிச்சன். மறுகா வந்து சட்டியக் கழுவிக் கவுத்தும் வெச்சனா? என்னக் கட்டின நாள்ல இரிந்து நான் ஒரு சட்டி கழுவினதக் கண்ணால கண்டிரிக்காயா? குளிசை இவ்வளவு நல்ல பழக்கமெல்லாம் படிப்பிக்குமெண்டா, ஊருக்கெல்லாம் குடுக்கலாம். என்ன, வாய் மூடிட்டாய்? இப்ப உனக்கும் நாக்கு காஞ்சிட்டா?

— படலையடியில ஆராவது நிக்காங்களா, பாருங்க.

— ஒருத்தரும் இல்ல.

— கிட்ட வாங்க. மெல்லமாக் கதைக்கணும். குளறக்கூடாது.

— குளற வருதில்ல எண்டுதானே இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டு நிக்கிறன்.

— சட்டி கழுவினது மூர்த்தி.

— ஆரு?

— மெல்லமா. ஆத்த நீந்திக் கடந்து வாறான். ஆத்தோரக் கண்ணாப் பத்தைக்குள்ள குந்தி இரிந்து காது குடுப்பானாம். உங்கட குறட்டை கேட்டாத்தான் வேலிக்கு இங்கால கால் வைப்பான். கேக்காட்டித் திரும்பிப் போயிருவான். அப்பா முழிச்சா குளறுவார், சென்றிக்குக் கேட்டிரும் எண்டு அவனுக்கும் தெரியும்.

— எப்படி இரிக்கான்?

— எலும்பு தெரியுது. நேத்து உங்கட கால்மாட்டுல இரிந்துதான் திண்டான். அப்பா கொழுத்திட்டாரும்மா எண்டு சிரிச்சான். போகக்குள்ள உங்கட காலத் தொட்டுக் கும்பிட்டான்.

— என்ன எழுப்பியிரிக்கலாமே, புள்ள.

— எழுப்பியிரிந்தா சும்மா இரிந்திரிப்பீங்களா? சொல்லுங்க.

— இரிந்திரிக்க மாட்டன்.

— அதுதான் சொல்லல்ல. இனி உங்கட விருப்பம். ஆறு அந்தா கிடக்கு, எறியுறதெண்டா எறியுங்க.

— இண்டைக்கும் வருவானா?

— நிலவு இல்லாட்டி வருவான்.

— அப்ப குளிசைய எடு. சோறு கொஞ்சம் கூடப் போட்டு வை. ஆராவது கேட்டா நான்தான் திண்டன் எண்டு சொல்லு.