கானோரப் பள்ளிக்கூடத்தைக் கட்டிக்காத்த இராசரத்தினம் வாத்தியார் ஐயாவுக்கு

மேல்கான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் மூச்சாய் நின்றவரே! மலைமழையிலும் மாறாத மனத்தவரே! பிரம்பைக் கையில் பிடித்தும் பிள்ளைகளின் மேல் ஓங்கியறியாத பெருந்தகையே! இராசரத்தினம் ஐயா அவர்களே!

உங்களுக்கு மாலை சூட்டி மகிழத்தான் இன்று வந்தோம். ஆனால் காலையிலிருந்து எங்களில் ஒருவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. காரணம் ஊரறிந்தது. நீங்கள் ஓய்வுபெற்று யாழ்ப்பாணம் போகிறீர்கள், உங்கள் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. ஆள் இல்லாவிட்டால் வருகிற திங்கட்கிழமை முதல் பள்ளிக்கூடம் உரமூட்டை அடுக்கும் அறையாகும் என்று தோட்டத்து ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பயத்தோடுதான் இந்த மடலை வாசிக்கிறோம். சொல் தடுமாறினால் பொறுத்தருள்க. முன்னால் உட்கார்ந்திருக்கிற கண்ணுகளா, நீங்களும் கொஞ்ச நேரம் கலகலக்காமல் கேளுங்கள். இது உங்கள் கதைதான்.

கல்விக் கதிரே! நாற்பத்தெட்டாம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு நீங்கள் வந்திறங்கியபோது இங்கே பள்ளி ஏது? தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கானுக்கு அந்தப் பக்கம், அப்போதிருந்த துரையின் குதிரை செத்தபின் சும்மா கிடந்த கொட்டில்தான் இருந்தது. அதைச் சுரண்டிக் கழுவி, மெழுகிக் கரும்பலகை மாட்டினீர்கள். குதிரை வாடை போக ஒரு மழைக்காலம் ஆயிற்று! கீழே கடைவீதியில் ஒரு பள்ளி இருக்கத்தான் செய்தது. அங்கே போகச் சப்பாத்து வேண்டும். உங்கள் பள்ளிக்குக் கால் இருந்தால் போதும். சலவைக்காரர் பிள்ளையும் சாப்பாட்டுக்கடைப் பிள்ளையும் பலகைப் பாலம் தாண்டி வந்தபோது, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று ஆபீசில் தடுத்தார்கள். நீங்களோ காது கேளாதவர்போல் அவர்களுக்கும் பாய் விரித்தீர்கள். தோட்டத்துப் பள்ளி அன்றே ஊர்ப்பள்ளி ஆயிற்று.

அடுத்த ஆண்டு குடியுரிமை மனுவுக்காகப் பேர் எழுத ஆட்கள் வந்தார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைத்தான் முதலில் இந்தியாவுக்குக் கப்பலேற்றுவார்களாம் என்று யாரோ கொளுத்திப் போட, அதை நம்பி எல்லாரும் பிள்ளைகளை லயத்து வீடுகளுக்குள் பூட்டி வைத்தோம். நீங்கள் லயம் லயமாக ஏறி இறங்கினீர்கள். கொழுந்தெடுக்கும் மீனம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் வாத்தியாரே, எம் புள்ளையக் கப்பலேத்தவா கூப்புடுறீங்க?"

"கப்பல் வந்தால் முதல் என்னை ஏத்தட்டும், அம்மா. நானும் கடல் பாத்துக் கனகாலம்."

அவள் சிரித்துவிட்டாள், கதவும் திறந்துவிட்டது. அன்று வெளியே வந்த சின்னவள்தான் சண்முகவடிவு.

பொறுமையின் பொருப்பே! விடியற்காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குத் தப்பு முழங்கும்போதே குடையோடு களத்தில் வந்து நிற்பீர்கள். படிக்கிற பிள்ளையை யாராவது வேலைக்குப் பேர் பதியக் கொண்டுவந்தால், விரித்த குடையைக் குறுக்கே நீட்டுவீர்கள். சோலைமலைக் கங்காணி ஒருநாள் பொங்கிவிட்டார்.

"ஒங்க பள்ளிக்கூடம் அங்கிட்டு இருக்குங்க. இங்க என்னா வேல?"

"பிள்ளையள் இஞ்ச நிக்கினம், கங்காணியார். அப்ப பள்ளிக்கூடமும் இஞ்சதான்."

கங்காணியார் பின்வரிசையில் இப்போது சிரிப்பது தெரிகிறது. அன்று அவர் கொண்டுவந்ததும் இதே சண்முகவடிவைத்தான்.

அவள் அட்டனுக்குப் போய்ப் பரீட்சை தேறி வந்தாள். உங்களுக்கு நெஞ்சுச்சளி கண்ட நாளிலிருந்து சின்ன வகுப்புகளை அவள்தான் நடத்துகிறாள். அவளையே உங்கள் இடத்தில் போடக் கேட்டோம். ஆனால் ஆபீசுப் பெரிய கிளாக்கர் ஐயா, "லயத்துப் பொண்ணு வாத்தியாரா? நாளைக்கு அதுக்கு நான் எந்திரிச்சு நிக்கணுமா?" என்று கேட்டாராம். நிற்க வேண்டாம் கிளாக்கர் ஐயா, சௌகரியமாக உட்கார்ந்தே இருங்கள். கதவை மட்டும் பூட்டிவிடாதீர்கள்.

துரையிடமும் போனோம். வாத்தியார் தன் வாயால் சொன்னால் யோசிக்கலாம் என்றார். அதை வந்து உங்களிடம் சொன்னோம். "போறவன் இருக்கிறவையின்ர காரியத்திலை தலையிடக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் பெட்டி கட்டப் போய்விட்டீர்கள். உங்கள் அடக்கம் பெரிது, அறிவோம். இந்த ஒரு வேளைக்கு அது வேண்டாம், ஐயா.

மலைக்குளிரில் பிடித்த இருமல் ஊர் வெயிலில் ஓடிப்போக, உங்கள் வீட்டம்மாவும் நீங்களும் நோய்நொடி அண்டாமல், பேரன் பேத்தி சூழ நெடுங்காலம் வாழ முருகப்பெருமான் அருள்க! மனமார வாழ்த்துகிறோம். ஆனால் வாழ்த்தை மட்டும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடாதீர்கள். அடுத்து உங்கள் ஏற்புரை. துரை முன்வரிசையில் இருக்கிறார். திங்கட்கிழமை விடிந்ததும் பிள்ளைகள் வருவார்கள், அதில் மாற்றமில்லை. நீங்கள் சண்முகவடிவின் பேரைச் சொன்னால் வகுப்புக்கு வருவார்கள். சொல்லாமல் உட்கார்ந்தால் பெரட்டுக் களத்துக்கு வருவார்கள். அங்கே அவர்களை மறிக்க யாரும் இருக்கமாட்டார்கள்.

எழுந்து பேசுங்கள், ஐயா.

உங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும்
பள்ளிக்கூடத்தாரும் பெற்றோரும்
அவர்கள் சார்பில், கைக்குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைக் காம்பரா ஆயா அழகம்மா

மேல்கான் தோட்டம், நோர்வூட்
மார்கழி, 1964